ஃபேமிலிக்கு மட்டும்

மைசூருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம், அலுவலகத்தில் எதிர் மேசைக்காரரிடம் மரியாதைக்காக ஒரு கேள்வி கேட்டேன்.

"சார், உங்க ஃபேமிலி பெரிசா?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"இல்லம்மா, ஒல்லிதான். கல்யாணத்தப்போ இன்னும் ஒல்லி. இப்போ கொஞ்சம் தேறியிருக்கா."

வசதி குறைந்த குடும்பத்தைத்தான் இந்த ஊர்த் தமிழில் ஒல்லி என்பார்கள் போலும், இப்போது நாலு காசு சேர்ந்திருக்கிறது என்கிறார் என்று நானாக அர்த்தம் செய்துகொண்டு, "எல்லாம் பெருமாள் அனுக்கிரகம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நாலைந்து நாள் என்னோடு அளந்துதான் பேசினார்.

அவர் மேல்கோட்டை வைஷ்ணவர். பல தலைமுறையாக மைசூரில் இருக்கிற குடும்பம். வீட்டில் பேசுகிற தமிழைக் கன்னடத்தில் ஊற வைத்து வெளியே கொண்டுவருவார். வாக்கியம் முடிகிற இடத்திலெல்லாம் 'அல்வா?' என்பார். 'இல்லையா?' என்று அதற்கு அர்த்தம். அது பிடிபடும் வரை, இவருக்கு இனிப்பில் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பா இல்லாமல் வந்தார். காரணம் கேட்டேன்.

"ஃபேமிலி மேல்கோட்டைக்குப் போயிருக்கா. நாளைக்கு பஸ்ல வந்துடுவா, அல்வா?"

ஒரு குடும்பமே ஊருக்குப் போயிருந்தால் இவர் மட்டும் எப்படி இங்கே இருக்கிறார் என்று யோசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஃபேமிலி என்றால் மனைவி. ஒருமை. பெண்பால். பெருமாள் அனுக்கிரகத்தால் சதை போட்டவர் அந்த அம்மாள். அன்று சாயங்காலம் விடுதிக்கு நடந்து போகும் வழியெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டே போனேன்.

இதெல்லாம் தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களை எனக்கும், என்னை அவர்களுக்கும் பிடிக்கவில்லை. ஊருக்கு இது போதவில்லை என்பதால் அவரவர் வசதிக்கு ஒரு கதை செய்துகொண்டார்கள். மாற்றல் உத்தரவு வந்தபோது அம்மா அழுதாள். நான் அழுவது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

முதலில் தங்கியது வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. அறைக்கு நான்கு பேர். ஒருத்தி விடியும் முன்பே மணியடித்துப் பூஜை செய்வாள். இன்னொருத்தி அதற்குப் பதிலடியாக இரவில் குறட்டை விடுவாள். காப்பாளர் அம்மாள், வருகிற போகிற பெண்களின் முகத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். மூன்று மாதம் பொறுத்தேன். அப்புறம் வீடு தேடக் கிளம்பினேன்.

மைசூரில் அப்போது வாடகைக்கு வீடு கிடைப்பது சிரமமே இல்லை. தெருவுக்கு இரண்டு கேட்டில் பலகை தொங்கும். பலகையில் கன்னடத்தில் ஒரு வரி. எனக்குக் கன்னடம் படிக்க வராது. கடைப் பலகைகளையும் பேருந்துப் பலகைகளையும் வைத்து எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சரஸ்வதிபுரத்தில் ஒரு கேட்டின் முன் நின்று அந்த வரியை எழுத்துக் கூட்டினேன். ஃப... ஃபே... ஃபேமிலி. முதன்முதலாக நானாகப் படித்து முடித்த கன்னடச் சொல் அதுதான். அதுவும் இங்கிலீஷாக இருந்தது. அடுத்த சொல்லுக்கு 'மட்டும்' என்று அர்த்தம்.

வெற்றிக் களிப்போடு மணியை அடித்தேன். கதவைத் திறந்த அம்மாள் எத்தனை பேர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் நான் ஒருத்திதான் என்றேன்.

"ஃபேமிலி எல்லி?" என்றார். எங்கே என்கிறார்.

"திருச்சியில்."

அந்த அம்மாளின் முகம் குழம்பியது. இப்போது யோசித்தால் அவர் கணக்குப் புரிகிறது. ஃபேமிலி என்றால் மனைவி. இவளுடைய மனைவி திருச்சியில் இருக்கிறாள். அப்படியானால் இவள் யார்? கதவு மெதுவாக, ஆனால் முழுவதுமாகச் சாத்தப்பட்டது.

அடுத்த தெருவில் ஒருவர் இன்னும் தெளிவாகச் சொன்னார். "பேச்சுலர்ஸ் பேடா." பிரம்மச்சாரிகள் வேண்டாமாம். எனக்குப் பின்னால் யாராவது வாலிபன் வந்து நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒரு மாடுதான் நின்றது. அதுவும் பசு.

வெயிலில் சுற்றி, பசி காதை அடைத்ததும் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தேன். வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து தண்ணீர் தம்ளரை எடுத்தேன். பரிமாறுகிறவர் ஓடி வந்தார். நான் ஏதோ சாமி சந்நிதியில் செருப்போடு ஏறிவிட்டது போல அவர் முகம் பதறியிருந்தது.

"மேடம், மேலே ஃபேமிலி ரூம் இருக்கு."

"நான் ஒருத்திதாங்க."

"பரவால்ல மேடம். ஃபேமிலி மேலேதான்."

மாடியில் மரத் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை. நாலு பேர் உட்காரும் பெட்டிக்குள் என்னை உட்கார வைத்துத் திரையை இழுத்து மூடிவிட்டு, மாடிப்படியிலிருந்து கீழே குரல் கொடுத்தார். "ஃபேமிலிக்கு ஒண்ணு மசாலா!" மின்விசிறி என் ஒருத்திக்காகச் சுற்றியது. காலையிலிருந்து நாலு வீட்டு வாசலில் கிடைக்காத அந்தஸ்து ஒரு தோசைக்குக் கிடைத்துவிட்டது. நான் அப்படியே ஒரு முழுக் குடும்பம். ஃபேமிலி அறைக்கு விலை கொஞ்சம் கூடுதல் என்பது பில் வந்த பிறகு தெரிந்தது. குடும்பம் என்றாலே செலவுதான்.

எனக்கு இது மண்டையைக் குடைந்தது. ஒரே ஊர், ஒரே வார்த்தை. காலையில் நான் அது இல்லை, மத்தியானம் அதுதான். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போய், இரண்டு கைகளாலும் தூக்க வேண்டியிருந்த ஒரு பழைய இங்கிலீஷ் அகராதியைப் பிரித்துப் பார்த்தேன். ஃபேமிலியின் பூர்வீகம் லத்தீன். அங்கே ஃபமுலஸ் என்றால் வேலைக்காரன். ஒரு வீட்டில் இருக்கிற வேலைக்காரர்களும் அடிமைகளும் சேர்ந்த கூட்டத்துக்குப் பெயர் ஃபமிலியா. இங்கிலீஷுக்குள் வந்த புதிதில்கூட வீட்டு வேலையாட்களைத்தான் அது குறித்ததாம். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டவர்கள்.

அது நம் பக்கம் வந்து மனைவி ஆனது எப்படி என்று அகராதியில் இல்லை. அதற்கு அகராதியும் தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மனைவியைச் 'சம்சாரம்' என்பார்கள். அதே சம்சாரம் கன்னடத்தில் முழுக் குடும்பம். மனைவியின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டவர்கள், உலக வாழ்க்கை முழுவதையும் குறிக்கிற ஒரு வார்த்தையை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டார்கள். ஃபேமிலி வந்தபோது அந்த வேலை தயாராகக் காத்திருந்தது. இங்கிலீஷ் என்பதால் கூச்சம் இன்னும் நன்றாக மூடியது.

திங்கட்கிழமை எதிர் மேசைக்காரரிடம் இதைச் சொன்னேன். வேலைக்காரர் கூட்டம் என்ற இடம் வந்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அப்போ எங்காத்துல ஃபேமிலி நான்தான், அல்வா?"

அன்றிலிருந்து எங்களுக்குள் சிநேகிதம். வீடு கிடைக்காத கதையைக் கேட்டுவிட்டு, ஒண்டிகொப்பலில் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது, தானே கூட வருகிறேன் என்றார். ஒண்டி என்றால் கன்னடத்திலும் தனிதான். ஒண்டிக்கட்டைக்குப் பொருத்தமான பேட்டை என்று நம்பிக்கையோடு போனேன்.

வீட்டுச் சொந்தக்காரர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பனியனும் வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாகக் கேட்டருகே வந்தார். கன்னடக்காரர். ஆனால் தமிழும் கலந்து பேசினார். என்னைப் பார்த்தார், கூட வந்தவரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. ஃபேமிலியா?"

நண்பர் நெருப்பை மிதித்தவர் போல இரண்டடி பின்னால் துள்ளினார். "அய்யய்யோ, இல்ல சார்! என் ஃபேமிலி ஆத்துல இருக்கா. இவா எங்க ஆபீஸ். வீடு இவாளுக்குத்தான். ஒண்டியா இருக்கா."

மலர்ந்த முகம் உடனே சுருங்கியது. "நோடி, பாருங்க மேடம், தப்பா நினைக்காதீங்க. நமக்கு ரூல் ஒண்ணே. ஃபேமிலிக்கு மட்டும்."

"சார், ஓட்டல்ல என்னை ஒருத்தியாவே ஃபேமிலின்னு மேல அனுப்புறாங்க. இங்க மட்டும் நான் எப்படி பேச்சுலர் ஆனேன்?"

அவர் அதைக் கோபமில்லாமல், ஒரு சட்ட நுணுக்கத்தைப் பரிசீலிப்பது போலப் பரிசீலித்தார். "ஓட்டல் பேரே, மனெ பேரே, மேடம்" என்றார். ஓட்டல் வேறு, வீடு வேறு. முதல் வகுப்புப் பெட்டியில் இரண்டாம் வகுப்புச் சீட்டோடு ஏறியவர்களிடம் இதே குரலில்தான் பேசியிருப்பார்.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல். "யாருங்க அது, தமிழ்ல பேசறது?"

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் மனைவி வந்தார். கொள்ளேகாலம் பக்கத்துத் தமிழ்ப் பெண். மைசூருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு வாய்நிறையத் தமிழ் பேச ஆள் கிடைக்காதவர். என்னைப் பிடித்த பிடியில் திருச்சி வீட்டிலிருந்து எனக்குக் கல்யாணம் ஆகாத குறைவரை விசாரித்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இந்த அம்மிணி ஆபீஸ் போற புள்ளைங்க. மேல் ரூம் சும்மாதான கெடக்குது?"

"ரூல்..."

"அம்மா இருக்காங்க இல்ல கண்ணு? அம்மாவக் கூட்டியாந்து காட்டீரு. ஃபேமிலி ஆச்சு."

அப்படித்தான் அம்மா திருச்சியிலிருந்து வரவழைக்கப்பட்டாள். நான் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது சொந்தக்காரர் கீழேயிருந்து கேட்டார். "மேடம், ஃபேமிலி வந்தாச்சா?"

அம்மா என்னிடம் மெதுவாக, "என்னடி, பார்சல் ஏதாவது பாக்கி இருக்கா?" என்றாள்.

"நீதாம்மா அது."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. "உனக்கு நான் அம்மா. அது என்ன, சாமான் பேர் மாதிரி?" என்று முணுமுணுத்தாள். சில நாள் இருந்து, மைசூர் ரசம் பொடியைக் குறைசொல்லி முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். ஃபேமிலி போய்விட்டதைச் சொந்தக்காரர் கவனிக்காதவர் போல இருந்தார். ஒருமுறை பரிசோதித்த சீட்டு இறங்கும் வரை செல்லும் என்பது அவர் நியாயம்.

என் மாடியறைக்குக் கீழே, பின்பக்கப் போர்ஷனில், அவர் மெச்சிக்கொள்கிற ஒரு ஃபேமிலி இருந்தது. கணவன் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. மனைவி கொள்ளேகாலத்தைத் தாண்டி இருக்கிற மார்டள்ளிப் பக்கத்துத் தமிழ்ப் பெண். முழங்காலில் பலகை வைத்து நாள் முழுக்க ஊதுபத்தி உருட்டுவாள். கரி கலந்த மாவு படிந்து உள்ளங்கை எப்போதும் கறுப்பாக இருக்கும். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. அந்தக் கணவன் வெளியே வரும்போது சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். சொந்தக்காரரைப் பார்த்தால் கும்பிடுவான். "நம்ம ஃபேமிலிக்கு உடம்பு சரியில்ல சார்," "நம்ம ஃபேமிலி ஊருக்குப் போயிருக்குது சார்" என்று வாய்க்கு வாய் ஃபேமிலி.

"ஃபேமிலி மேன்" என்று சொந்தக்காரர் என்னிடம் அவனைக் காட்டுவார். "ஒண்ணும் தொந்தரவு இல்லை, அல்வா மேடம்?"

தொந்தரவு எனக்கு மாடியில் கேட்கும். வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் அவன் குடித்துவிட்டு வருவான். முதலில் பாத்திரங்கள் விழும். அப்புறம் அவன் குரல். அப்புறம் அவள் குரல், அப்புறம் அவள் குரல் நின்றுபோகும். மறுநாள் காலை குழாயடியில் பார்த்தால் தலையைக் குனிந்தபடி, "ஒண்ணுமில்லைங்க்கா" என்பாள்.

ஒரு முறை பொறுக்க முடியாமல் சொந்தக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் சங்கடத்தோடு கண்ணாடியைத் துடைத்தார்.

"ஃபேமிலி மேட்டர், மேடம். ஃபேமிலின்னா சத்தம் இருக்கும். நாம நடுவுல போகக் கூடாது."

இதே மனிதர், என் டிரான்சிஸ்டரில் பாட்டுக் கொஞ்சம் உரக்கக் கேட்டால் மாடிப்படி ஏறி வந்து தொண்டையைக் கனைப்பார். எதிர் மேசைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு என்னைப் பார்க்க வந்தபோது, நெல்லிக்காய் ஊறுகாய் கொண்டு வந்த அந்த அம்மாளைக் காட்டி, "இவங்க நிஜமா ஃபேமிலிதானே?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஒண்டிக்கட்டையின் வீட்டில் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால்கூட வீதிக்குக் கேட்கிறது. ஃபேமிலி வீட்டில் பெண்ணை அறைந்தால் கேட்பதில்லை. வார்த்தைக்கு அவ்வளவு கனமான கதவு.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலம் முடிகிற சமயம். காலை பத்து மணி இருக்கும். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கதவு படாரென்று திறந்தது. முதலில் ஒரு தகரப் பெட்டி வெளியே வந்து விழுந்தது. அடுத்து ஊதுபத்திப் பலகை. பிறகு அவள். அவள் பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு குழந்தை.

"போடி உங்கூருக்கு! போய் உங்கப்பன் வீட்டுலயே கெட!" என்று கத்திவிட்டு அவன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். இரவு குடித்தது இன்னும் இறங்கவில்லை.

அவள் அழவில்லை. கொட்டிப்போன மாவைப் பார்த்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். நான் கீழே ஓடினேன். உதடு கிழிந்திருந்தது. என் ஈரத் துண்டைக் கொடுத்தேன். அக்கம்பக்கத்து மாடிகளில் தலைகள் தெரிந்தன, பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன. 'ஃபேமிலி மேட்டர்' என்ற வார்த்தை எல்லோருக்கும் தெரியும்.

முன்பக்கத்திலிருந்து சொந்தக்காரரும் மனைவியும் வந்தார்கள். அவர் கதவைத் தட்டினார்.

"என்னப்பா இது? கதவைத் திற."

கதவு ஒரு சாண் திறந்தது. "சார், நீங்க பெரியவரு. இது ஃபேமிலி மேட்டர். உள்ள போங்க சார்."

சொந்தக்காரர் எங்களைப் பார்த்தார். அவர் கால் திரும்பத் தயாராகிவிட்டது எனக்குத் தெரிந்தது. என் வாய்க்குள் பத்து வாக்கியம் முட்டிக்கொண்டு நின்றது. நான் மாடிப் பேச்சுலர். எனக்கு இதில் என்ன பாத்தியதை?

அவர் மனைவிதான் பேசினார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஏனுங்க, நம்ம வூடு யாருக்குக் குடுக்கறதுங்க?"

"என்ன?"

"சொல்லுங்க. யாருக்குக் குடுப்பீங்க?"

"ஃபேமிலிக்கு."

"பேச்சுலருக்கு?"

"குடுக்கறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. இந்தா, ஃபேமிலி படியில உக்காந்திருக்குது. தினம் நம்ம ஃபேமிலி, நம்ம ஃபேமிலின்னு உங்ககிட்ட அவரே சொல்ற ஃபேமிலி. அப்ப உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு இருக்கறது யாருங்க?"

சொந்தக்காரர் படியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். என் வாழ்நாளில் ஒரு மனிதர் முகத்தில் சட்டம் ஒன்று மெல்ல மெல்ல ஏறுவதை அன்றுதான் பார்த்தேன். ஒரு பெண் அடிபடுவது அவரைத் தொடவில்லை என்று சொல்ல மாட்டேன். தொட்டிருக்கும். ஆனால் அதை என்ன செய்வது என்று அவருக்குச் சொல்லித்தரப்படவில்லை. விதி மீறல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு முப்பது வருட அத்துபடி.

அவர் கதவைத் தள்ளித் திறந்தார்.

"நீ வெளியே வா."

"சார்?"

"பேச்சுலர்ஸ்க்கு இடம் இல்லை. சாமான் எடுத்துக்கோ. இப்பவே."

"சார், நான் ஃபேமிலி மேன் சார்!"

"ஃபேமிலி எல்லி?" என்றார் அவர். எத்தனையோ ஆயிரம் பேரிடம் சீட்டு எங்கே என்று கேட்ட அதே நீட்டிய கையோடு.

அவன் படியைப் பார்த்தான். ஃபேமிலி அவனைப் பார்க்கவில்லை. குழந்தையின் சட்டையில் ஒட்டிய கரியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் கெஞ்சினான், பிறகு சத்தம் போட்டான், பிறகு மறுபடி கெஞ்சினான். சொந்தக்காரர் அவன் சட்டைகளைத் தானே மடித்து ஒரு பையில் போட்டு, கேட்டு வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டைச் சாத்தும்போது, "வேற இடம் கிடைக்கும். கேளு" என்று கனிவாகவே சொன்னார்.

அவள் எழுந்து தகரப் பெட்டியைத் தூக்கினாள். ஒரு பக்கம் நான் பிடித்தேன். உள்ளே போனதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. சொந்தக்காரரின் மனைவி காபி போட்டுக் கொண்டுவந்தார். மூன்று பெண்களும் ஒரு குழந்தையும் தரையில் உட்கார்ந்து, உருண்டு கிடந்த பாத்திரங்களுக்கு நடுவே காபி குடித்தோம். சொந்தக்காரர் முன்வாசலில் செய்தித்தாளைப் பிரித்துத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சில நாள் கழித்துப் பூ கட்டிக்கொண்டிருந்தபோது, உங்களுக்கு அது எப்படித் தோன்றியது என்று சொந்தக்காரரின் மனைவியிடம் கேட்டேன். சிரித்தார்.

"கல்யாணமான நாளா எங்கூட்டுக்காரரு என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லைங்க அம்மிணி. ஸ்டேசன்ல, ஆசுபத்திரில, எங்க போனாலும் 'நம்ம ஃபேமிலி'தான். என்ர பேரே எனக்கு மறந்து போச்சு. சரி, இத்தனை வருசமா சுமக்கற வார்த்தை, ஒரு நாளைக்காச்சும் வேலை செய்யட்டுமேன்னு தோணுச்சுங்க."

அதை அலுவலகத்தில் எதிர் மேசைக்காரரிடம் சொன்னேன். அவர் அன்று முழுக்க யாரிடமும் ஃபேமிலி என்ற சொல்லையே எடுக்கவில்லை. சாயங்காலம் புறப்படும்போது மனைவியின் பெயரை, ஏதோ ரகசியம் சொல்வது போல, என்னிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டிவிட்டுக் காது சிவக்கப் போனார்.

வெளியேற்றப்பட்டவன் ஊருக்கு வெளியே, தொழிற்சாலை ஆட்கள் ஐந்தாறு பேர் சேர்ந்திருந்த அறையில் போய் ஒட்டிக்கொண்டான். ஞாயிறுதோறும் மடிப்புக் கலையாத சட்டையோடு கேட்டுக்கு வருவான். சொந்தக்காரர் அவனை முன்வாசல் பெஞ்சில் உட்கார வைப்பார். விருந்தாளிகள் ஆறு மணிக்குள் போய்விட வேண்டும் என்பது எனக்கென்று செய்திருந்த சட்டம். இப்போது அவனுக்கும் அது பொருந்தியது. குழந்தை வந்து அவனோடு விளையாடும். மனைவி சில ஞாயிறுகளில் வருவாள், சில ஞாயிறுகளில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்புவாள்.

அடுத்த கோடையில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. இனி தொட்டால் பிழைக்க மாட்டாய் என்று மருத்துவர் பயமுறுத்தியதில் குடி நின்றது. திருந்தினான் என்று யாரும் சொல்லவில்லை. பயந்தான். சொந்தக்காரரின் மனைவிக்கு அவன்மேல் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. எனக்கும் இல்லை. ஆனால் வருடம் முடியும் முன் அவள் அவனைச் சேர்த்துக்கொண்டாள். எனக்குக் கோபம். எதற்காக என்று அவளையே கேட்டேன்.

"மாவு மூட்டைய மண்டியிலருந்து தூக்கியார ஆளு வேணுமில்லைங்க்கா?" என்றாள். அவ்வளவுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. அதற்குமேல் கேட்கவும் இல்லை.

அவன் மூட்டை தூக்கினான். ஷிப்ட் முடிந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டவும் பழகினான். சுத்தமாக வரவில்லை. அவன் உருட்டியது ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் குச்சி தெரியும். சரக்கு எடுக்க வருகிறவர் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார். அவள் அவற்றைத் தனியே கட்டி மாடிக்குக் கொண்டுவந்து தருவாள். வாசனை ஏற்றாத வெறும் பத்தி. கொளுத்தினால் பாதியில் அணையும், மறுபடி கொளுத்த வேண்டும், அறை முழுக்கப் புகை. மைசூரில் நான் இருந்த கடைசி மாதங்களில் என்னிடம் எரிந்ததெல்லாம் அவைதான். கொசு மட்டும் வரவில்லை.